அடைக்கலராஜ் அடுக்கிய பர்கர்

இந்த வருஷம் மச்சான் மலையேறக் கூடாது என்று அடைக்கலராஜ் தீர்மானித்துவிட்டார்.

மச்சான் செபாஸ்டினுக்குக் கன்னிவாடியில் வீடு உண்டு, கிணறு உண்டு. மே மாதம் பிறந்துவிட்டால் அங்கே வெயிலும் உண்டு. உடனே மனைவி, ஐந்து பிள்ளைகள், ஓர் ஆர்மோனியப் பெட்டியோடு கொடைக்கானல் பஸ் ஏறிவிடுவார். "சீசன் முடியட்டும் மாப்ள, கெளம்பிருவோம்" என்று அடைக்கலராஜின் கட்டிலில் படுத்துக்கொண்டே சொல்வார். அடைக்கலராஜ் அந்த மாதம் முழுக்க அடுப்படியில், விறகுக்கும் வெங்காயக் கூடைக்கும் நடுவில் உறங்குவார்.

அதற்காகத்தான் எண்பத்திரண்டாம் வருஷம், தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனன்று மனைவி கித்தேரியம்மாளிடம் பந்தயம் போட்டார். ஈஸ்டர் வரும்வரை இருவரும் கறி தொடக் கூடாது. அவள் தொட்டால் அண்ணன் குடும்பம் வரக் கூடாது. அவர் தொட்டால் வரட்டும். அவர் வாயைத் திறக்கக் கூடாது.

"சரிங்க" என்றாள் கித்தேரியம்மாள்.

ஒரு வாதம் இல்லை, ஒரு முனகல் இல்லை. பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் அவள் இவ்வளவு வெரசாகச் சரி சொன்னதே இல்லை. அன்றைக்கே அவருக்குச் சந்தேகம் தட்டியது.

அடைக்கலராஜ் மிஷன் பள்ளிக்கூடத்தில் லேப் அட்டெண்டர். திராவகக் குப்பிகளை மோந்தே பிரித்துவைக்கிற மூக்கு அவருடையது. மூன்றாம் வெள்ளிக்கிழமை, கோயிலில் சிலுவைப்பாதைச் செபம் முடிந்து வந்த மனைவியின் சால்வையில் அந்த மூக்கு நின்றது.

"என்ன வாசம் இது?"

"சாம்பிராணிங்க."

"சாம்பிராணியில வெங்காயமா வதக்குறாக?"

"சாமியாரைத்தான் கேக்கணும்."

நான்காம் வெள்ளி, சால்வை நுனியில் ஒரு சிவப்புக் கறை.

"மெழுகு சொட்டிருச்சு" என்றாள்.

"கோயில்ல என்னைக்குச் சிவப்பு மெழுகு கொளுத்துனாக?"

"உங்களுக்கு வேற சோலியே இல்லையா?"

அவள் குளிக்கப் போனதும் கறையை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தார். தக்காளி. கொஞ்சம் காடிப் புளிப்பு. அடுத்து அவளுடைய செபப்புத்தகத்தைப் புரட்டினார். சிலுவைப்பாதையின் எட்டாம் ஸ்தலம் வரும் பக்கத்தில் ஒரு காகிதக் கைத்துடைப்பான் மடித்து வைத்திருந்தது. அதில் ஏழு ரோட்டுச் சந்திப்புப் பக்கம் புதிதாகத் திறந்த பர்கர் கடையின் பெயர். வெள்ளைக்காரப் பிள்ளைகளும் முடி வளர்த்த ஊர்சுற்றிகளும் போகிற கடை. அங்கே இவளுக்கு என்ன வேலை? கறிதான்!

ஐந்தாம் வெள்ளி அரைநாள் லீவு போட்டார். குரங்குக் குல்லாயைப் புருவம் வரை இழுத்துவிட்டு, அவளுக்கு முன்னால் போய் மூலை மேசையைப் பிடித்தார். பரிமாறுகிற மயில்சாமி ஒரு சீட்டையும் பென்சிலையும் வைத்தான்.

"என்னப்பா, பரீட்சையா?"

"இல்ல சார். இங்க பர்கரை நீங்களே கட்டிக்கிறணும். உள்ள என்னென்ன வேணுமோ டிக் போடுங்க, அப்படியே அடுக்கித் தருவோம்."

"எனக்கு ஒண்ணும் வேணாம். சும்மா உக்காந்துக்கிறேன்."

"சும்மா உக்கார ஏரிக்கரையில பெஞ்சு கெடக்கு சார்."

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. கித்தேரியம்மாள்!

அடைக்கலராஜ் குனிந்தார். "ஏம்ப்பா, இது எவ்வளவு உசரம் வரும்?"

"எத்தனை டிக்கோ அத்தனை உசரம் சார்."

மேலிருந்து கீழ்வரை, ஒன்றையும் படிக்காமல், எல்லாவற்றுக்கும் டிக் போட்டார்.

வந்தது பர்கர் அல்ல, மதில். அதன் பின்னால் அவர் முகம் முழுசாக மறைந்தது. தக்காளிக்கும் முட்டைக்கும் நடுவே இருந்த சந்து வழியாக வேவு பார்த்தார். மூன்று மேசை தள்ளி அவள் கண்ணை மூடிக்கொண்டு கடித்துக்கொண்டிருந்தாள். பொறுத்திரு அடைக்கலராஜ், வாய் நிறைந்ததும் பிடி!

மதில் மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது. இரண்டு கையாலும் தாங்கினார். வலப்பக்கம் முட்டை பிதுங்கியது.

"கடிங்க சார், மடியில விழுந்துரப் போகுது!" என்றான் மயில்சாமி.

கண்ணை மனைவிமேல் வைத்தபடியே இடப்பக்கம் ஒரு கடி கடித்தார். சமன் செய்ய வலப்பக்கம் ஒரு கடி. மறுபடி இடப்பக்கம். மதில் பாதியானதும் எழுந்து பாய்ந்தார்.

"புடிச்சுட்டேன்! வெள்ளிக்கிழமையும் அதுவுமா கறி திங்கிறியா?"

கித்தேரியம்மாள் பதறவில்லை. மேல் ரொட்டியைத் தூக்கிக் காட்டினாள். முட்டைக்கோசு, கேரட், உருளைக்கிழங்கு வடை, தக்காளிச் சாறு.

"நாமளே கட்டிக்கிற ரொட்டிதானங்க. நான் கறிக்கு டிக் போடல. நீங்க?"

அடைக்கலராஜ் திரும்பிப் பார்த்தார். மயில்சாமி சீட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். "சாருக்குக் கறி ரெண்டு அடுக்கு. ஆளு தெம்பாத்தான் இருக்காரு."

"வாயைத் தொடைங்க, ஒட்டிக் கெடக்கு" என்று அவள் காகிதக் கைத்துடைப்பானை நீட்டினாள்.

"ஏ புள்ள, நீ வேணும்னே என்னைய இங்க வரவச்ச!"

"நானா அம்புட்டையும் அடுக்கச் சொன்னேன்? இந்தாங்க, போற வழியில இதைத் தபால்பெட்டியில போட்டுருங்க."

செபப்புத்தகத்திலிருந்து எடுத்துக் கொடுத்த இன்லண்ட் லெட்டர் இன்னும் ஒட்டப்படவில்லை. தெருவில் இறங்கியதும் பிரித்தார்.

'அன்புள்ள அண்ணனுக்கு, இந்த வருஷம் வெள்ளனே கெளம்பி வாங்க. அவுக முழுமனசோட சம்மதிச்சுட்டாக. தவக்காலத்துலயே கறி சாப்பிட்டாக, அதனால வரும்போது ரெண்டு சேவல் கொண்டாங்க.'

மேலே தேதியைப் பார்த்தார். போன வெள்ளிக்கிழமை.