அலுமாரிக் காய்ச்சல்

தில்லைநாதனுக்குச் சனிக்கிழமை காலமை காய்ச்சல் வந்தே தீரவேணும். வேறு வழியில்லை. அன்றைக்குத்தான் மச்சான் பத்மநாதன் வீடு மாறுகிறார். புது வீடு நாலாம் மாடி, லிஃப்ட் கிடையாது. மச்சானிடம் இருப்பதோ பழைய சாமான் கடையில் ஆசைப்பட்டு வாங்கிய ஓக் மரத்து அலுமாரி. அலுமாரியா அது? உள்ளே ஒரு குடும்பமே குடியிருக்கலாம்! அதைத் தூக்கினால் தன் முதுகு சுவிஸ் மண்ணிலேயே முறிந்துவிடும் என்று அவர் முடிவுகட்டிவிட்டார்.

மனைவி மனோகரி குளிக்கப் போன நேரம் பார்த்துத் தேமாமீட்டரைக் கொதிக்கிற ஹீட்டரில் வைத்து எடுத்தார். போர்வைக்குள் புகுந்து முனகினார். அருமையான முனகல்.

மனோகரிக்கு அட்லிஸ்வில் முதியோர் இல்லமொன்றில் வேலை. காய்ச்சல் பார்ப்பது அவளுக்குத் தண்ணிபட்ட பாடு. வந்து தேமாமீட்டரை வெளிச்சத்தில் பிடித்தாள்.

“ஐயோ, நாற்பத்திரண்டு! இவ்வளவு காய்ச்சல் எண்டால் ஆக்கள் உளறுவினமே!”

ஹீட்டரிலிருந்து கொஞ்சம் முந்தி எடுத்திருக்கலாம். சரி, விடுவாரா மனுசன்?

“அலுமாரி... அலுமாரி என்ரை நெஞ்சிலை ஏறுது... பிடியுங்கோ...”

“ஆம்புலன்சைக் கூப்பிடட்டோ?”

“வேண்டாம், வேண்டாம்! காசு கேப்பாங்கள்!”

“பாத்தியளே, உளறல் நிண்டிட்டுது.”

மனோகரி தொண்டைக்குள் டோர்ச் அடித்தாள். காதைப் பார்த்தாள். வயிற்றை அமுக்கினாள்.

“காய்ச்சல் தானா ஒரு நோயில்லையப்பா. உள்ளுக்கை ஏதோ நடக்குதெண்டு உடம்பு சொல்லுறது. காரணத்தைப் பிடிக்கோணும்.”

“பிடிச்சிட்டீரோ?”

“ஓம்.”

“என்னவாம்?”

“சொன்னால் காய்ச்சல் கூடும். படுங்கோ.”

பிறகு ஒரு சட்டியோடு வந்தாள். வினிகர் கலந்த தண்ணியில் இரண்டு நீளக் காலுறை மிதந்தது. இங்கத்தைச் சனம் காய்ச்சலுக்குச் செய்கிற கைவைத்தியமாம்.

“கால் குளிர்ந்திருந்தால் போடக்கூடாது. உங்களுக்குத்தான் நெருப்பாக் கொதிக்குதே!”

ஈரக் காலுறை முழங்கால்வரை ஏறியது. அப்பப்பா! தில்லைநாதனுக்கு உச்சி மயிர் நட்டுக்கொண்டது. உடம்பெல்லாம் ஊறுகாய் மணம். உண்மையாகவே நடுங்கத் தொடங்கினார்.

“நடுக்கமும் வந்திட்டுது. இன்னொருக்கா நனைச்சுப் போடுவம்.”

படுத்துக்கொண்டு பார்க்கலாமென்று எடுத்து வைத்த வீடியோ கசெற்றுகளும் போயின. கண்ணுக்கு ஓய்வு வேணுமாம். கொத்தமல்லித் தண்ணி வந்தது. கஞ்சி வந்தது. திரும்பவும் கொத்தமல்லித் தண்ணி வந்தது. போகட்டும், முதுகு தப்பியதே! அந்தச் சந்தோசத்தில் மடக்மடக்கென்று குடித்தார்.

மத்தியானம் குசினியிலிருந்து ஆட்டிறைச்சிக் குழம்பு மணம் புறப்பட்டது. கூடவே சிரிப்புச் சத்தம். அந்தக் குரலை அவருக்குத் தெரியும். பொறுக்கமாட்டாமல், ஈரக் காலுறை சளக் சளக்கென நடந்துபோய் எட்டிப்பார்த்தார். பத்மநாதன் எலும்பு உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

“மச்சான், அலுமாரி ஏத்தியாச்சோ?”

“நீர் இல்லாமல் ஏலுமோ? அடுத்த சனிக்குத் தள்ளியாச்சு. உமக்குக் கடும் காய்ச்சலெண்டு தங்கச்சி நேற்றே போன் பண்ணிச் சொல்லிப்போட்டாள்.”

“நேற்றோ? எனக்கு இண்டைக்குக் காலமைதானே வந்தது!”

மனோகரி தமையனின் சோற்றுக் கோப்பையில் இன்னொரு துண்டு இறைச்சி வைத்தாள்.

“ஓமப்பா. காய்ச்சல் வாறதுக்கு முந்திச் சொன்னால்தானே அண்ணை லொறியை மாத்தலாம்.”