கல்யாணத்துக்கு எடுத்த பேக்கப்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த விஷயத்தில் நான் இன்றுவரை மன்னிப்பு கேட்கவில்லை, கேட்கப்போவதும் இல்லை. எங்கள் வீட்டில் பேக்கப் என்ற வார்த்தையை அறிந்தவளே நான் ஒருத்திதான்.

அப்போது கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு ஒரத்தநாட்டில் வீட்டோடு இருந்தேன். (வேலை தேடிக்கொண்டிருந்தேன் என்று எழுதினால் மரியாதையாக இருக்கும்.) அண்ணனின் கல்யாணப் படங்கள் எல்லாம் எங்கள் கம்ப்யூட்டரில்தான் இருந்தன. ஆல்பத்தில் எதைச் சேர்ப்பது என்று சம்பந்திகளுக்குள் ஒத்துப்போகாததால் ஒன்றைக்கூட பிரிண்ட் போடவில்லை. இதற்கிடையில் கம்ப்யூட்டர் வைரஸ் பிடித்துப் படுத்துவிட்டது. ஃபார்மேட் செய்தே ஆகவேண்டும் என்று அறிவித்தேன்.

“படமெல்லாம் பத்திரமா இருக்குமாம்மா?” என்றார் அப்பா.

“டிவிடில எழுதிட்டேம்பா. நூறு வருஷம் ஆனாலும் அழியாது.”

எழுதி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. (என் வேகத்தை நானே மெச்சிக்கொண்டேன்.)

சில மாதங்கள் கழித்து அண்ணிக்கு வளைகாப்பு. நீடாமங்கலத்திலிருந்து வந்திருந்த சம்பந்தி வீட்டார் கல்யாணப் படம் பார்க்க ஆசைப்பட்டார்கள். கூடத்தில் அத்தனை பேர் முன்னால் டிவிடியைப் போட்டேன். ‘அண்ணன் கல்யாணம்’ என்ற பெயர் வந்தது. அழுத்தினால் எதுவும் திறக்கவில்லை. நான் எழுதியிருந்தது வெறும் ஷார்ட்கட். படங்கள் இருந்த இடத்துக்கு வழி காட்டும் அம்புக்குறி மட்டும்தான் டிவிடியில் இருந்தது. அந்த இடத்தைத்தான் நானே துடைத்துவிட்டேனே.

“பேரு இருக்கு, ஆளைக் காணோமே,” என்றார் அண்ணியின் அம்மா.

வளைகாப்புக்கும் அதே போட்டோகிராபர்தான் வந்திருந்தார். “மெமரி கார்டை அப்பவே அழிச்சு அடுத்த முகூர்த்தத்துக்குப் போட்டுட்டேங்க,” என்று அவரும் கைவிரித்தார். அண்ணியின் கண் கலங்கியது. ஆனாலும் நான் விடவில்லை.

“மாலை இருக்கு, கேமரா இருக்கு, எல்லாரும் பட்டுல நிக்கிறீங்க. கல்யாணப் படத்தை இப்ப எடுத்தா என்ன?”

“ஏழு மாசத்து வயித்தோடயா?” என்று பதறினார் அண்ணியின் அம்மா.

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டார். “எடுங்க, பாத்துக்கலாம்.”

கூறைப்புடவை வந்தது; வயிற்றைச் சுற்றி எட்டவில்லை. அண்ணனின் பட்டுச் சட்டையிலும் வயிற்றுப் பக்கம் பொத்தான் போட முடியவில்லை. (அதற்கு அவனிடம் தக்க காரணம் எதுவும் இல்லை.) அண்ணன் தாலியைப் பிடித்தபடி நிற்க, அட்சதை தூவினோம்.

அந்தப் படம்தான் இன்றும் கூடத்தில் தொங்குகிறது. புதிதாக வருபவர்கள் அதைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். அப்பா விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் இன்னும் மோசமாகிறது.

அண்ணன் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். “அம்மா அப்பா கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன்” என்று வகுப்பில் சொல்லியிருக்கிறாள். டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். “நீயே வந்து பதில் சொல்லு,” என்று அண்ணி என்னை இழுத்துக்கொண்டு போனார்.

சொன்னேன். “பொய் இல்லைங்க மிஸ். அவளும் போயிருந்தா. போட்டோ இருக்கு.”