பாதுகாப்பாக வெட்டிய புளியமரம்

தலைவர் இருந்தால் வளர்ச்சி இருக்கும். வளர்ச்சி இருந்தால் பாதுகாப்பு இருக்கும். இம்மூன்றும் இருந்துவிட்டால் ஒரு நாட்டுக்கு ஜனங்களே தேவையில்லை. இந்த மகத்தான உண்மை ஆண்டாளுக்கு 1987-ஆம் வருஷம்தான் விளங்கியது. அதுவரை பாவம், தியாகதுருகம் ரோட்டோரம் டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். கடைக்குக் கூரை ஒரு புளியமரம். வெள்ளைக்காரன் காலத்து மரம்; சுதந்திரம் வந்து நாற்பது வருஷமாக நம்மவர்கள் மறந்திருந்ததால் பிழைத்துக் கிடந்தது.

அது இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த சமயம். மரத்தை வெட்டி ரோட்டில் போடுகிறார்கள் என்று ஒரே பேச்சு. அந்த நேரம் பார்த்து, கல்வராயன் மலை ரோட்டுக்கு அடிக்கல் நாட்ட அமைச்சர் கிளம்பிவிட்டார். பாதுகாப்பு அதிகாரி தனசேகரன் ஆண்டாள் கடையில் உட்கார்ந்து மூன்று நாள் ஆலோசித்து, வடை தின்று, உலகம் கண்டிராத முடிவெடுத்தார்.

"போராட்டக்காரன் வெட்டறதுக்குள்ள நாமளே முந்திக்கினு வெட்டிடணும்!"

ஆண்டாள் டீ ஆற்றுவதை விட்டுவிட்டு ஓடிவந்தாள். "இன்னாங்க அநியாயம்! அந்தப் பசங்க நேத்துகூட இந்த நெழல்ல ஒக்காந்து டீ குடிச்சாங்க. ஒரு எல கிள்ளலீங்க."

"அதான்மா சந்தேகமே. மரத்த நோட்டம் பாத்திருக்கானுங்க."

வெட்டினார்கள். மரம் அமைச்சர் வரும் ரோட்டுக்குக் குறுக்கே, அளவெடுத்த மாதிரி விழுந்தது. பெஞ்சும் பாய்லரும் அடியில் நசுங்கின. ஆண்டாள் ஓவென்று அழுதாள். பதினோரு கார் வரிசையாக வந்து நின்று ஆரன் அடித்தன.

அமைச்சர் இறங்கினார். ரோட்டை அகலப்படுத்துகிறார்கள் என்று நினைத்துப் பூரித்துப்போனார். "வளர்ச்சி இவ்ளோ வேகமா!" என்று தனசேகரன் முதுகில் தட்டியவர், ஆண்டாள் பக்கம் திரும்பினார். "ஆனந்தக் கண்ணீரா? உனக்கு என்னம்மா வேணும், கேளு!"

ஆண்டாள் கையெடுத்துக் கும்பிட்டாள். "பொழப்பே போச்சுங்க. எனக்கும் கொஞ்சம் எடம் ஒதுக்கிக் குடுங்கய்யா!"

'இடம்', 'ஒதுக்கு' என்ற இரண்டு சொல்லும் காதில் விழுந்ததுதான் தாமதம், போலீஸ்காரர்கள் நாலு விசில் ஊதினார்கள். அமைச்சரைக் காருக்குள் அமுக்கித் திணித்தார்கள். அன்றைக்கு அந்த ரோட்டில் கைதான ஒரே 'போராட்டக்காரர்' ஆண்டாள்தான். குற்றம்: மரத்தை வெட்டிச் சாலையில் போட்டு, ஒதுக்கீடு கேட்டது.

வேனில் ஏற்றும்போது தனசேகரனுக்கே மனசு இளகிவிட்டது. "பயப்படாதம்மா. எல்லாம் ஒன்னோட பாதுகாப்புக்குத்தான்."

ஆண்டாள் கதவுக் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அலறினாள்:

"ஐயோ, பாதுகாப்பு மட்டும் வேணாங்கய்யா! இப்பதான மரத்துக்குக் குடுத்தீங்க, கண்ணால பாத்தேனே!"