ஏர்த் அக்காவும் பேனை மூடியும்

பரீட்சார்த்திகள் கைநூல், பிரிவு ஏழு, உபபிரிவு மூன்று: "ஒருவரின் உடலில் மின்னோட்டத்தைச் செலுத்துவதற்கு முன்னர் கருவி, அதன் வயர், பிளக், நில இணைப்பு ஆகியவை பாதுகாப்பானவை எனப் பரீட்சார்த்தி திருப்திப்பட வேண்டும். ஐயம் இருப்பின் ஆளியை (சுவிட்சை) போடக் கூடாது."

இதை எழுதியவரே இரண்டாம் தடவை வாசித்திருக்கமாட்டார். இலங்கைத்தீவு முழுவதிலும் இந்த விதியை வாசித்து, நம்பி, அதன்படி நடந்தவர் ஒரேயொருவர்தான். அதற்காகவே அவரைப் பரீட்சையில் தவறவைத்தார்கள்.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில் அவருடைய அழகு நிலையம் இருக்கிறது. பெயர்ப்பலகையில் ஏதோ ஒரு பூவின் பெயர். அந்தப் பெயரை ஒருவரும் சொன்னதில்லை. எழுபது வயது மரக்கறிக் கடைக்காரர் முதல் நேர்சரிப் பிள்ளைகள் வரை எல்லோருக்கும் அவர் ஏர்த் அக்கா.

அந்தப் பெயர் ஒரு கல்யாண மண்டபத்தில் வந்தது. மணப்பெண்ணின் தலைமயிரைச் சுருட்டிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார். கைப்பையில் லிப்ஸ்டிக்குக்குப் பக்கத்தில் எப்போதும் கிடக்கும் டெஸ்டரை எடுத்துச் சுருட்டும் கருவியின் உலோகத்தில் வைத்தார். டெஸ்டரின் சின்ன விளக்கு எரிந்தது. மண்டபத்துச் சிங்கள மின்வேலைக்காரரைக் கூப்பிட்டு, தம்பி, நில இணைப்பான ஏர்த் இருக்கிறதா என்று அவருடைய மொழியிலேயே கேட்டார்.

"மல்லி, ஏர்த் எக தியெனவத?"

"தியெனவா, தியெனவா," இருக்கிறது, இருக்கிறது என்றார் அவர், முகட்டைப் பார்த்தபடி.

"முகட்டில இல்லை. எங்க, எனக்குக் காட்டும்."

மணப்பெண்ணின் தாய் ஓடிவந்தார். "ஐயோ, முகூர்த்தத்துக்கு முக்கால் மணித்தியாலம்தான் கிடக்கு! பிள்ளையின்ர தலையைப் பாருங்கோ, ஒரு பக்கம் சுருள், மற்றப் பக்கம் நேர்!"

"முகூர்த்தம் ஐயர் பாத்தது. லைன் நான் பாக்கோணும்."

ஏர்த் கிடைக்கவில்லை. பெண் அப்படியே மணவறைக்குப் போனாள். கல்யாணப் புகைப்பட அல்பத்தில் இடது பக்கம் திருப்பிய படங்களும் வலது பக்கம் திருப்பிய படங்களும் இரு வேறு பெண்களுடையவை போல இருக்கும். அடுத்த மாதம் இரண்டு பெண்கள் வந்து அதே மாதிரிச் செய்துவிடச் சொல்லிக் கேட்டார்கள் என்பது தனிக்கதை.

நிரந்தரமாக மயிர் அகற்றும் மின்கருவியை ரொறன்ரோவிலிருந்து அவருடைய மச்சாள் அனுப்பியிருந்தார். மயிரைவிட மெல்லிய ஊசியை வேர்வரை செலுத்தி, சில விநாடிகள் சிறிய மின்னோட்டம் கொடுத்தால் மயிர் கழன்று வரும். மற்றவர்கள் என்றால் பெட்டியைத் திறந்த அன்றே ஒரு வாடிக்கையாளரைப் படுக்கவைத்திருப்பார்கள். ஏர்த் அக்கா முதலில் கொட்டாஞ்சேனையில் ஒரு ரேடியோ திருத்தும் கடைக்குப் போய், மாதக்கணக்காக ஸ்டூலில் இருந்து பியூஸ், ஏர்த், கசிவு என்று கற்றுக்கொண்டு வந்தார். பிறகு ஊசியை எடுத்துத் தன் இடது காலில் பழகினார். அந்தக் கால் முழங்காலுக்குக் கீழே வாழைத்தண்டு. வலது காலை அவர் தொடவேயில்லை.

"வலது கால் ஏன் இப்பிடி?" என்று கேட்டேன்.

"அது ஒப்பிட, மிஸ். இடது கால் பழுதாப்போனா என்ன வித்தியாசமெண்டு பாக்க ஒண்டு வேணுமெல்லோ."

முப்பத்துநான்கு வருடம் அரசாங்கத்தில் இருந்தேன். இவ்வளவு ஒழுங்கான அசல் பிரதியை எந்தத் திணைக்களமும் வைத்திருந்து நான் காணவில்லை.

அவரிடம் நான் போனதன் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஓய்வூதியத்தோடு சேர்ந்து என் நாடியில், கீழுதட்டுக்குக் கீழே, ஏழு மயிர்களும் வந்தன. ஓய்வூதியம் நரைத்தது, மயிர்கள் கறுப்பு. முதல் நாளே அவர் நாற்பது கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை நீட்டினார். பேஸ்மேக்கர் உண்டா, எலும்பில் ஆணி உண்டா, நகை கழற்றியாயிற்றா, கை உலர்ந்திருக்கிறதா. படிவம் என்றால் எனக்கு உயிர். அன்றே இவர் என் ஆள் என்று தீர்மானித்துவிட்டேன்.

நகை விடயத்தில் அவர் கடவுளுக்கும் சலுகை கொடுக்கமாட்டார். ஒருநாள் ஓர் அம்மா பத்துப் பவுண் தாலிக்கொடியோடு படுத்தார்.

"அம்மா, கொடியைக் கழட்டுங்கோ."

"என்ன கதைக்கிறீர்? அவர் உயிரோட இருக்கிறார்!"

"அவர் இருக்கோணும், நீங்களும் இருக்கோணும். அதுக்குத்தான் சொல்லுறன்."

கடைசியில் கணவரை வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். மேசையில் தாலியை வைக்கக் கூடாது, கட்டினவர்தான் வைத்திருக்கலாம் என்பது அம்மாவின் நிபந்தனை. அந்த மனிதர் பெண்கள் அழகு நிலையத்தின் வாசலில், இரண்டு உள்ளங்கைகளிலும் தாலிக்கொடியை ஏந்தியபடி, ஒரு மணித்தியாலம் இருந்தார். வீதியால் போனவர்கள் ஏதோ நேர்த்தி என்று நினைத்து ஒதுங்கி நடந்தார்கள்.

மழையில் நனைந்து வருகிறவர்களை மின்விசிறிக்குக் கீழே இருத்தி, வடகம் போலக் காயவைப்பார். "ஈரத்தோட கரண்ட் இல்லை" என்பார். அதற்கு மேல் வாதம் கிடையாது.

என் வீட்டுக்கும் ஒருமுறை வந்தார். வந்தவர் கதிரையில் இருக்கவில்லை. நேரே பிளக் பொயின்ட்டுக்குப் போனார். மூன்று துளைகளில் மேல் துளைதான் ஏர்த். அது திறக்காமல் கீழே இரண்டும் திறக்கா. இரண்டு முள் பிளக்கைச் செருக நாம் எல்லோரும் என்ன செய்வோம் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் சுவரில் மேல் துளைக்குள் குத்தி நின்று அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது பிரியாவிடையில் எனக்குப் பரிசளித்த பேனை.

"மிஸ், இதால எழுதுறேல்லையோ?"

"எழுத ஒண்டுமில்லை."

"அப்ப மேசை லாச்சியில வையுங்கோ. இது சுவரில இருந்தா ஒருநாள் உங்களுக்கு மற்றாக்கள் மரண அறிவித்தல் எழுதுவினம்."

இந்த நேரத்தில்தான் புதிய நிபந்தனை வந்தது. இப்படியான கருவி பாவிப்பவர்கள் சான்றிதழ் காட்டினால்தான் அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப்படும். ஏர்த் அக்கா சந்தோஷப்பட்டார். "நல்லது மிஸ், இனியாவது எல்லாரும் படிப்பினம்" என்று கொள்ளுப்பிட்டியில் ஒரு பயிற்சி நிறுவனத்தில் பரீட்சைக்குப் போனார். நிறுவனத்தின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. அவர்களுக்கும் அதில் விருப்பம் இருக்காது.

அவர் சொன்னதையும், மொடலாகப் படுத்திருந்த பிள்ளை பிறகு சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன். பரீட்சைக் கருவிக்கு உலோகப் பெட்டி. பழைய மூன்று முள் பிளக்கை யாரோ வெட்டிவிட்டு இரண்டு முள் பிளக் பூட்டியிருந்தார்கள். சுவரில் மேல் துளைக்குள் ஒரு நீலப் பேனை மூடி நிரந்தரமாகக் குடியிருந்தது. இவருக்கு முன் மூன்று பேர் அதில் செருகி, ஊசி பிடித்து, பரீட்சையில் சித்தியடைந்து போயிருந்தார்கள்.

ஏர்த் அக்கா மூடியைப் பிடுங்கினார். "இது ஆரின்ர மூடி?"

பரீட்சகர் அம்மா நிமிர்ந்தார். "அதை ஏன் எடுக்கிறீங்க? நாங்க வருஷக்கணக்கா இப்பிடித்தான் செய்யிறம்."

"அப்ப வருஷக்கணக்காத் தப்பியிருக்கிறியள்."

"நீங்க மெஷினைப் போடுறீங்களா இல்லையா?"

"போடமாட்டன். தங்கச்சி, நீர் எழும்பும். வீட்ட போம்."

மொடல் பிள்ளை எழும்பி வீட்டுக்குப் போய்விட்டாள். பெறுபேற்றுத் தாளில் எழுதினார்கள்: "கருவியை இயக்கத் தெரியாதவர். சித்தியடையவில்லை."

அன்று மாலை அந்தத் தாளோடும் நீல மூடியோடும் என்னிடம் வந்தார். கோபமில்லை. "இயக்கத் தெரியாதவர்" என்ற சொற்களில் விரலை வைத்துக்கொண்டு இருந்தார். "என்ர கால் முழுக்க எழுதிப் படிச்சனான் மிஸ்," என்றார்.

நான் லாச்சியிலிருந்து பிரியாவிடைப் பேனையை எடுத்தேன்.

மேன்முறையீடு இரண்டரைப் பக்கம். இணைப்பு ஒன்று: கைநூலின் பிரிவு ஏழு. இணைப்பு இரண்டு: பெறுபேறு. இணைப்பு மூன்று: பேனை மூடி, நீல நிறம், ஒரு பக்கம் கடிக்கப்பட்டுள்ளது, கடித்தவர் விபரம் தெரியாது. பதிவுத்தபாலில் அனுப்பினோம். இருபத்தொரு வேலைநாட்களுக்குள் பதில் தரப்படும் என்கிறது அதே கைநூலின் கடைசிப் பக்கம்.

தரவில்லை. முதலாம் நினைவூட்டல், இரண்டாம் நினைவூட்டல், பிரதி சகிதம் மூன்றாம் நினைவூட்டல். சான்றிதழ் இல்லாததால் கருவிக்கு மேலே அவர் ஒரு படுக்கைவிரிப்பைப் போர்த்தினார். நூலால் புருவம் எடுப்பது மட்டுமே மிஞ்சியது. மூன்று கதிரைகள் ஒன்றாயின. தெஹிவளையில் ஒரு கடை கருவியை வாங்கிக்கொள்ளக் கேட்டது.

"குடுக்கமாட்டன். அவங்கள் பேனை குத்துவாங்கள்."

என் ஏழு மயிர்களில் ஐந்து அதற்குள் போயிருந்தன. மிச்சம் இரண்டு. ஒருநாள் நான், எல்லா நடைமுறையும் தெரிந்த நான், சொன்னேன்: "கதவைப் பூட்டிப்போட்டு எனக்கு மட்டும் செய்துவிடும். ஆர் பாக்கப்போகினம்?"

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "மிஸ், நீங்களா கதைக்கிறியள்?"

வீட்டுக்கு வந்து ஒரு சபதம் எடுத்தேன். பதில் வரும்வரை இந்த இரண்டு மயிர்களையும் நூலும் தொடாது, கத்தரிக்கோலும் தொடாது. அவை வளர்ந்தன. ஒரு பூப்புனித நீராட்டு விழாவில் என் மருமகள் காதுக்குள், "அன்ரி, நாடியில ஏதோ..." என்றாள். "அது நிலுவையில் இருக்கும் கோவை, பைல்," என்றேன். படமெடுக்கும்போது நாடியை உயர்த்தி நின்றேன்.

எட்டாம் மாதம் இருவருமாகக் கொள்ளுப்பிட்டிக்குப் போனோம். எழுதுவினைஞர் தம்பி, "கோவை மடத்திட்ட இருக்கு, மடம் லீவு," என்றார், தன் மேலதிகாரி அம்மாவைக் குறித்து. ஏர்த் அக்கா அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னாலிருந்த எவர்சில்வர் கேத்திலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு முள் பிளக். மேல் துளையில் ஒரு சிவப்புப் பேனை.

"மல்லி, அந்தக் கேத்திலைத் தொடாதேங்கோ."

"ஏன் அக்கா? ஒவ்வொரு நாளும் தேத்தண்ணி ஊத்துறமே."

"ஒவ்வொரு நாளும் கை விறைக்கிறேல்லையோ?"

தம்பி கையைப் பின்னுக்கு இழுத்தார். உள்ளறையிலிருந்து ஒரு குரல் வந்தது. "ஓம், எனக்கு விறைக்கிறதுதான்!"

லீவிலிருந்த மடம் கதவைத் திறந்து வெளியே வந்தார். ஏர்த் அக்கா டெஸ்டரைக் கேத்திலில் வைத்தார். விளக்கு எரிந்தது. மடம் அதைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், பிறகு என் நாடியைப் பார்த்தார். "எந்தக் கோவை?" என்று கேட்டார்.

அதன் பிறகும் மூன்று கிழமை எடுத்தது. அலுவலகம் என்றால் அலுவலகம்தான்.

தொடர்புக்கு என் விலாசத்தையே கொடுத்திருந்தோம். கடிதம் வந்தபோது அடைமழை. உடைக்காமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, குடையை மறந்து, வீட்டுச் செருப்போடு ஒழுங்கையில் இறங்கினேன். அவர் கடித உறையைக் கத்தரிக்கோலால் நேராக வெட்டினார். மேன்முறையீடு ஏற்றுக்கொள்ளப்பட்டது. பிரிவு ஏழு, உபபிரிவு மூன்றுக்கு முழுப் புள்ளி. சான்றிதழ் இத்துடன். இணைப்பு மூன்று திருப்பி அனுப்பப்படுகிறது. வருத்தம் என்ற சொல் எங்குமில்லை. மூடியில் பல்லடையாளம் அப்படியே இருந்தது.

அவர் எழும்பிக் கருவியிடம் போனார். படுக்கைவிரிப்பை எடுத்து மடித்தார். பிளக்கைப் பார்த்தார், வயரைத் தடவிப் பார்த்தார், டெஸ்டரை வைத்துப் பார்த்தார். என்னை மின்விசிறிக்குக் கீழே இருத்தினார். பிறகு அந்த நாற்பது கேள்விகளையும் திரும்ப நீட்டினார்.

"இது நிரப்பினதுதானே!"

"அது போன வருஷம். இடையில பேஸ்மேக்கர் வச்சிருக்கலாம்."

நான் நிரப்பினேன். முப்பத்தொன்பதாம் கேள்விக்கு வந்தபோது என் கண் நிறைந்துவிட்டது. ஏன் என்று அந்தப் படிவத்தில் கேட்கவில்லை. அவர் ஒரு துவாயை எடுத்து, என் கன்னத்தை, நாடியை, அந்த இரண்டு மயிர்களையும் மெதுவாக ஒற்றினார்.

"அழாதேங்கோ மிஸ். ஈரத்தோட கரண்ட் இல்லை."

கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைசிக் கட்டத்தில் திகதியை எழுதினேன்: கார்த்திகை விளக்கீட்டுக்கு முதல் நாள், செவ்வாய்க்கிழமை.