மைனஸ் வராத காதுகுத்து

பிழை எதுவும் வரவில்லை என்பதற்கும் வேலை முடிந்தது என்பதற்கும் நடுவே ஒரு தாய்மாமன் தாராளமாக நிற்கலாம். என் மச்சான் நின்றார், பட்டு வேட்டியும் சீர்த்தட்டுமாக.

மகளுக்குக் காதுகுத்து. மனைவி சுமதி படித்துப் படித்துச் சொன்னாள்: “எங்கண்ணனுக்குத் தேதி தெரியும். ஆனா நீங்க முறையா அழைச்சாதான் வருவாரு.” தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். இதோ இருக்கிற வாலாஜாபாத்துக்கு பஸ் ஏறி நேரிலேயே அழைத்திருக்கலாம். நான்தான் நெட்வொர்க் புரோகிராமராயிற்றே! (கெட்ட நேரம் வேறெப்படி வரும்?)

அழைப்புகளைச் செய்தியாக அனுப்ப ஒரு புரோகிராம் எழுதினேன். ஒவ்வோர் அழைப்புக்கும் கம்ப்யூட்டரின் மூளையான கெர்னலின் கதவைத் தட்டுவானேன் என்று, எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டி ‘சிஸ்டம் கால்’ என்கிற ஒரே கோரிக்கையில் கொடுத்தேன். முதல் செய்தியே போகாவிட்டால்தான் அது மைனஸ் ஒன்று என்று பிழை காட்டும். நடுவில் ஒன்று சிக்கினால் அங்கேயே நின்று, அதுவரை எத்தனை போனது என்று மட்டும் சொல்லும். மைனஸ் வரவில்லை. எண்ணிக்கையை யார் பார்த்தது? காலாட்டிக்கொண்டு காபி குடித்தேன்.

பெரிய காஞ்சிபுரத்தில் கோயில் மண்டபம். ஆசாரி ஊசியோடு காத்திருந்தார்.

“உங்க ஆளுங்க பந்திக்கே ரெடி. எங்க வீட்ல ஒரு ஈ காக்கா காணோம். அழைச்சீங்களா, இல்லியா?” சுமதிக்குக் குரல் உடைந்துவிட்டது.

“எர்ரரே வரலமா!” என்றேன். (அந்த வாய்க்கு இன்றுவரை மன்னிப்பில்லை.)

போன் செய்ய வெளியே ஓடினால், எதிர் டீக்கடை ஓரம் மச்சான்.

“அழைக்காம உள்ள வர முடியுமா மாப்ள? அதான் நின்னுக்கினு இருக்கேன்.”

“அப்புறம் ஏன் வந்தீங்க மச்சான்?”

“கொழந்த உக்கார மடி வேணும்ல?”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. தட்டோடு சேர்த்து அவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனேன். ஊசி பட்டதும் மகள் அழுதாள். மச்சான் அவளைவிடச் சத்தமாக அழுதார்.

பந்தியில் உட்கார்ந்து போனில் அந்த எண்ணிக்கையைப் பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. என் பெரியப்பாவின் பட்டங்களை எல்லாம் நான் அடுக்கியதில் அவர் செய்தி அளவை மீறி, கட்டு அங்கேயே நின்றுவிட்டது. அவருக்குப் பின்னால் முழுக்கச் சுமதி வீட்டார். (பெரியப்பா அழைக்காவிட்டாலும் வருகிறவர், முதல் பந்தியிலேயே இருந்தார்.)

இப்போதெல்லாம் எந்த விசேஷம் என்றாலும் பஸ் ஏறிவிடுகிறேன். மச்சான் வெற்றிலைத் தட்டை வாங்கிக்கொண்டு, தவறாமல் சொல்வார்: “மொத ஆளுக்குப் போகலன்னாதான மைனஸ் வரும்? எதுக்கும் அந்தக் கட்டுலயும் என் பேர மொதல்ல போட்டுடுங்க மாப்ள.”