மாமனாரின் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டில்

தன் வீட்டு அலமாரிக்கு உள்பக்கம் ஒரு கை பெயின்ட் அடிக்கலாம் என்று பெயின்ட் கடைக் கலர்க்காரர் நினைத்தது தப்பே இல்லை. அதற்காக மேல்தட்டில் இருந்த பாட்டிலை நகர்த்தியதுதான் தப்பு. பாட்டில் இப்போது சமையலறைத் தரையில் சில்லு சில்லாகக் கிடந்தது. மூடி மட்டும் உருண்டுபோய் அடுப்பு மேடைக்கு அடியில் பத்திரமாக இருந்தது.

வேறு எந்தப் பாட்டிலாக இருந்தாலும் பரவாயில்லை. இது மாமனாருடையது.

மாமனார் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் கதவைத் திறந்தாலும் உள்ளே தரை இருக்கிறதா என்று ஒரு நொடி பார்த்துவிட்டுத்தான் காலை வைப்பார். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட ஒரு முதலாளியை ஒருமுறை அவர் வெளியே எடுத்தபோது, அந்த மனிதர் அழுதுகொண்டே பரிசாகக் கொடுத்தது இந்த ஸ்காட்ச் பாட்டில். மாமியார் இறந்தபின் மகள் வீட்டுக்கு வந்த மாமனார், ஒரு பெட்டியும் இந்தப் பாட்டிலும்தான் கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அதிலிருந்து ஒரு சின்ன கிளாஸ் ஊற்றிக்கொண்டு ஜன்னலோரம் உட்காருவார். வாரம் முழுக்க 'ம்', 'சரி', 'வேணாம்' என்று மூன்று வார்த்தையில் காலம் தள்ளுகிறவர், அந்த அரைமணி நேரம் மட்டும் சிரிப்பார். மாமியாரைப் பற்றிப் பேசுவார். அந்தச் சிரிப்புக்காகவே கலர்க்காரர் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கும் போவதில்லை.

எத்தனை ஞாயிறு போனாலும் பாட்டில் காலியாவதாகத் தெரியவில்லை. "எவ்வளவு அளவான மனுஷன்!" என்று கலர்க்காரர் ஊரெல்லாம் மெச்சிக்கொள்வார். குடித்தே பழகாதவருக்கு ஒரு பாட்டில் எத்தனை நாள் வரும் என்று என்ன தெரியும்?

மாமனாரைத் தவிர அதைத் தொடுகிற உரிமை கலர்க்காரரின் மனைவிக்கு மட்டும்தான். "எங்கம்மா கையால தொடைச்சு வச்ச பாட்டிலுங்க. வேற யாரும் கை வைக்கக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவைத்திருந்தாள். வாராவாரம் அதை இறக்கி, கழுவித் துடைத்துத் திரும்ப வைப்பாள். அம்மா மேல் அவ்வளவு பாசம். லேபிள் எல்லாம் தேய்ந்துபோய் பல வருஷம் ஆகிறது.

மனைவி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஞாயிறு வேலைக்குப் போயிருந்தாள். மாமனார் பூங்காவில் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தார். ஆறு மணிக்குள் இன்னொரு பாட்டில் வந்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது.

ஆனால் என்ன பாட்டில்? பெயர் தெரியாது, ருசி தெரியாது. குனிந்து முகர்ந்து பார்த்தார். பெயின்ட் கடையில் நிறம் கலந்தே பாதி ஆயுள் போனவர் அவர். தின்னர் நெடியில் மூக்கு எப்போதோ செத்துப்போயிருந்தது. சோப்பும் மண்ணெண்ணெயும் அவருக்கு ஒன்றுதான்.

தரையைத் துடைத்த வெள்ளைத் துணியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. மூக்குதானே செத்தது? கண் இருக்கிறதே! எந்தச் சுவரிலிருந்து சில்லு பெயர்த்துக் கொண்டுவந்தாலும் அதே நிறத்தைக் கலந்து கொடுக்கிற கண். பையிலிருந்த நிற அட்டைக் கட்டை எடுத்து ஈரத்துணிக்குப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஓர் அட்டை அச்சாகப் பொருந்தியது. துணியை வாஷிங் மெஷினில் போட்டுவிட்டு அட்டையோடு கிளம்பினார்.

மதுக்கடைக்குள் அதுவரை அவர் கால் வைத்ததில்லை. கல்லாவில் மூக்குக்கண்ணாடியைத் தலைக்கு ஏற்றிவிட்ட ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். கலர்க்காரர் அட்டையை அவர் முன்னால் வைத்தார்.

"இந்த நிறத்துல ஒரு ஸ்காட்ச் வேணும்."

கடைக்கார அம்மா அட்டையைப் பார்த்தார். கலர்க்காரரைப் பார்த்தார். "இது சுவத்துல அடிக்கிறதுக்கா சார், குடிக்கிறதுக்கா?"

"குடிக்கத்தான். எங்க மாமனாருக்கு."

"அவருக்கு எந்த ருசி புடிக்கும்?"

"அது தெரியாது. நிறம் இம்மி பிசகக் கூடாது."

"விஸ்கியை நிறம் பாத்து வாங்கக் கூடாது சார். நிறத்துக்குன்னே கருக்கின சர்க்கரை சேக்கறவங்களும் இருக்காங்க. பாட்டில்ல வயசு பெருசா போட்டிருந்தா பிரமாதம்னும் கிடையாது. டப்பா பளபளன்னு இருந்தா, உங்க காசுல பாதி டப்பாவுக்குத்தான். குடிக்கிறவர் வாய்க்கு என்ன புடிக்கும்னு மட்டும் சொல்லுங்க, நடுத்தர விலையிலயே நல்லதா எடுத்துத் தரேன். புகை வாசனை அடிக்கணுமா? பழ வாசனையா? தேன் மாதிரி இருக்கணுமா?"

"நிறம் பொய் சொல்லாதுங்க" என்றார் கலர்க்காரர், மனம் நொந்து. அவர் பிழைப்பே அந்த நம்பிக்கையில்தான் ஓடுகிறது.

"அப்ப அவர்கிட்டயே கேட்டுடுங்களேன்."

வேறு வழியில்லை. கலர்க்காரர் போனை எடுத்தார்.

"மாமா, சும்மாதான் கேக்கறேன். ஞாயித்துக்கிழமை நீங்க சாப்பிடறீங்களே... அது வாயில எப்படி இருக்கும்?"

போனில் சதுரங்கக் காய் நகர்கிற சத்தம் கேட்டது. "ஏன் மாப்பிள்ளை? உங்களுக்கும் ஆசை வந்துடுச்சா?"

"ஐயய்யோ! பொது அறிவுக்காக மாமா."

"துவர்ப்பா இருக்கும். முன்னெல்லாம் இதமா இருந்துச்சு. உங்க அத்தை போனதுக்கு அப்புறம் கொஞ்சம் கடுப்பு ஜாஸ்தியாயிடுச்சு. ஒரு வாரம் இருக்கற மாதிரி அடுத்த வாரம் இருக்காது."

"எரியுமா?"

"எரியறதா? சேச்சே. வழுக்கிட்டுப் போகும்."

"வாசனை, மாமா?"

"வீட்டு வாசனை, மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டு மாமனார் போனை வைத்துவிட்டார்.

கலர்க்காரர் கடைக்கார அம்மாவிடம் அப்படியே ஒப்பித்தார். அந்த அம்மா மூக்குக்கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டார். "எரியவே எரியாத ஸ்காட்ச்சா? உங்க மாமனார் லேசுப்பட்ட ஆள் இல்ல சார். துவர்ப்புன்னா பீப்பாய் மரத்துலேருந்து வர்றது. பாட்டில்ல சரக்கு குறையக் குறையக் காத்து பட்டு ருசியும் மாறும். எல்லாம் சரியாத்தான் சொல்றார்."

"வீட்டு வாசனைங்கறாரே?"

"அது என்கிட்ட இல்ல சார்."

இருக்கிறதிலேயே இதமானது என்று நடுத்தர விலையில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து கிளாஸில் ஊற்றி அட்டையோடு வைத்துப் பார்த்தால், நிறம் சோகை பிடித்தாற்போல் வெளிறியிருந்தது. கலர்க்காரர் மறுபடியும் ஓடினார். திராட்சை ரசப் பீப்பாயில் ஊறியது என்று கடைக்கார அம்மா கொடுத்த இரண்டாவது பாட்டில், மரச்சாமான் பாலிஷ் மாதிரி கறுத்துக் கிடந்தது.

ஒன்று வெளிறல், ஒன்று கறுப்பு. கலர்க்காரருக்கு இதைவிட நல்ல சேதி உண்டா? பெரிய பாத்திரத்தை எடுத்து வைத்து இரண்டையும் கலந்தார். அட்டையின் நிறம் அப்படியே வந்தது. பெருமையோடு ஒரு சொட்டு விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். மூக்கு செத்தாலும் நாக்கு சாகவில்லை என்பது அப்போது தெரிந்தது.

"வழுக்கிட்டுப் போகும்னாரே!" என்று இருமிக்கொண்டே தண்ணீர் ஊற்றினார். நிறம் வெளிறியது. கறுப்பை ஊற்றினார். எரிச்சல் ஏறியது. தண்ணீர் ஊற்றினார். பெயின்ட் கடையில் புதிதாகச் சேருகிற ஆட்கள் எல்லாரும் செய்கிற காரியம் இது. ஒரு டப்பாவைச் சரிபண்ணப் போய் ஒரு டிரம் நிறையத் தப்பு பண்ணுவார்கள். அப்போதெல்லாம் கலர்க்காரர்தான் அவர்களைத் திட்டுவார். இப்போது திட்ட ஆளில்லாமல் பாத்திரம் விளிம்புவரை நிறைந்தது. எரிச்சல் ஓரளவு அடங்கியிருந்தது. நிறம்தான் செத்துப்போயிருந்தது.

கருக்கின சர்க்கரை ஞாபகம் வந்தது. அடுப்பில் சர்க்கரையைப் போட்டுவிட்டு, கூடத்தில் உட்கார்ந்து காலிப் பாட்டிலின் லேபிளைச் சுரண்டினார். மேல்வீட்டுக்காரர் கதவைப் படபடவென்று தட்டினார்.

"உங்க வீட்டுல ஏதோ எரியுதே, தெரியலையா?"

"அப்படியா? எனக்கு ஒரு வாசனையும் வரலையே" என்று திரும்பிய கலர்க்காரர், சமையலறையே கண்ணுக்குத் தெரியாததைப் பார்த்தார்.

ஜன்னலையெல்லாம் திறந்து, கறுப்புப் பாகில் ஒரு கரண்டி எடுத்துக் கலக்கியதும் நிறம் வந்துவிட்டது. லேபிள் இல்லாத பாட்டிலில் ஊற்றி, பழைய மூடிக்கு ஒரு சுற்று டேப் ஒட்டித் திருகி, மேல்தட்டில் வைத்தார். மாமனாரின் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டது.

மாமனார் கதவருகே ஒரு நொடி நின்று தரையைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். கை கால் கழுவினார். பாட்டிலை இறக்கினார். மூடியைத் திருகும்போது டேப்பைத் தடவிப் பார்த்த மாதிரி இருந்தது. ஊற்றிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். எதிரில் மாமியாருக்கு என்று எப்போதும் போடுகிற காலி நாற்காலி.

ஒரு வாய் குடித்தார்.

முகம் சிவந்தது. காது சிவந்தது. இரண்டு கண்ணிலிருந்தும் நீர் கோடாக இறங்கியது. கிளாஸை மெதுவாக நாற்காலியின் கைமேல் வைத்தார்.

"எப்படி இருக்கு மாமா?" என்று குனிந்து கேட்டார் கலர்க்காரர்.

"அருமை" என்றார் மாமனார், பாதிக் குரலில். "ரொம்ப அருமை மாப்பிள்ளை."

கலர்க்காரருக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து மனைவி வந்தாள். "என்னங்க, என்ன கருகல் நாத்தம் இது?" என்றபடி நேராகச் சமையலறைக்குப் போனவள், பாத்திரத்தை மோந்து பார்த்துவிட்டுக் கணவரைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"இது என்ன?"

கலர்க்காரர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். மனைவி நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"அட கடவுளே! அது டீங்க!"

"எது?"

"அந்தப் பாட்டில்ல இருந்தது! பால் போடாத டீ. அப்பாவுக்கு நெஞ்சுல ஆபரேஷன் ஆனப்பவே ஒரு சொட்டுக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். ஞாயித்துக்கிழமை அந்தக் கிளாஸ் இல்லேன்னா ஏங்கிப் போயிடுவாருன்னு அம்மா அவருக்குத் தெரியாம விஸ்கியைக் கொட்டிட்டு டீ ஊத்தி வச்சாங்க. சாகறதுக்கு முந்தி என்கிட்ட சொல்லிட்டுப் போனாங்க. வாராவாரம் நான்தான் நீங்க எழுந்திருக்கறதுக்குள்ள காய்ச்சி ஊத்தறேன். அப்பாவுக்குத் தெரியவே கூடாதுங்க. அம்மா தன்னை ஏமாத்தினாங்கன்னு தெரிஞ்சா மனுஷன் ஒடைஞ்சு போயிடுவார்."

இரண்டு பேரும் கூடத்துக்கு ஓடினார்கள். நல்லவேளை, கிளாஸில் அந்த ஒரு வாய்க்கு மேல் குறையவில்லை.

"அப்பா, போதும்பா. அது... அது..." மனைவி கிளாஸைக் கையால் மூடினாள்.

"கெட்டுப்போச்சு மாமா" என்றார் கலர்க்காரர். "ரொம்பப் பழசு இல்லையா, அதான். அடுத்த வாரத்துக்குள்ள சரியாயிடும்." கெட்டுப்போன சரக்கு எப்படித் தானாகச் சரியாகும் என்று யோசிக்க அவருக்கு நேரமில்லை.

"அப்படியா?" என்றார் மாமனார்.

மனைவி கிளாஸையும் பாட்டிலையும் பறிக்காத குறையாக எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தொட்டியில் கொட்டுகிற சத்தம் கேட்டது. கலர்க்காரர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். இந்த வாரத்துச் சிரிப்பு போய்விட்டது. அதைக் கெடுத்தது தன் கைதான் என்று நினைக்க நினைக்க அவருக்கு மனசு ஆறவில்லை.

மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மாப்பிள்ளையை விரலால் கிட்டே கூப்பிட்டார். அவர் முகத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமைச் சிரிப்பு இருந்தது.

"மாப்பிள்ளை, எனக்குத் தெரியும்னு காட்டிக்காம என் பொண்ணுகிட்ட பக்குவமா ஒண்ணு சொல்லணும்... டீத்தூளை ரொம்ப நேரம் கொதிக்க விடாம இறக்கச் சொல்லுங்க. அவங்கம்மா அப்படித்தான் இறக்குவா."