எங்கள் பையனின் காபி மருந்து

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு, மாப்பிள்ளை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. உங்கள் மகள் நலம். இரண்டு கிலோவைத் தொட்டுவிட்ட பேரனும் நலம். நான் ஒருவாறு நலம்.

உங்கள் மகள் வாய்தவறிச் சொல்லப்போய், "பச்சக் குழந்தைக்கு எவன்யா காபி கொடுக்கச் சொன்னது?" என்று நேற்று போனில் சத்தம் போட்டீர்கள். போனில் உங்களை மீறிப் பேச என்னால் ஆகாது, அதனால்தான் கடிதம். சண்டை போடப் புறப்பட்டு வர வேண்டாம்.

பத்து வாரம் முன்னாடியே பிறந்தவனுக்கு நடுநடுவே மூச்சு விடுவது மறந்துபோகும். மறந்தால் ஆஸ்பத்திரியில் அவன் பக்கத்தில் இருக்கும் மெஷின் கத்தும். சலவை மெஷின் ரிப்பேர்காரனான நான் கத்துகிற மெஷினைத்தான் தட்டுவேன். இங்கே நர்ஸம்மா குழந்தையின் உள்ளங்காலைத் தட்டுவார். மூச்சு வந்துவிடும். அந்த மறதிக்குத்தான் காபியில் இருக்கும் காஃபின் மருந்து. டம்ளரில் இல்லை மாமா, சொட்டுக் கணக்கு.

நாலாவது வாரம் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, எலும்புக்குச் சத்து போதவில்லை என்றார். காஃபினால் கொஞ்சம் கால்சியம் சிறுநீரில் போகலாமாம். எனக்கு வந்ததே கோபம், "அப்ப அந்தக் கருமத்தை நிறுத்துங்க"ன்னு கத்திட்டேன். "நிறுத்தினா மூச்சை யாருங்க ஞாபகப்படுத்துறது?"ன்னாங்க. "நான் இருக்கேன்!"னேன். "சரி, மருந்து பாட்டுக்குப் போகட்டும், நீங்க ஒரு மணி நேரம் உக்காந்து பாருங்க"ன்னு ஸ்டூல் போட்டாங்க. அவன் நெஞ்சு நின்னா என் நெஞ்சும் நிக்குது, அவன் மூச்சு விட்டாத்தான் நான் விடறேன், இருபதாவது நிமிஷம் ஸ்டூலோட சாஞ்சுட்டேன். மெஷின் கத்தலை, உங்க மகதான் கத்தினா. நர்ஸம்மா என் கன்னத்தைத் தட்டி எழுப்பி, காபி வாங்கிக் கொடுத்தாங்க.

அப்புறம்தான் டாக்டரம்மா சொன்னது காதுல ஏறுச்சு: எலும்புக்கு வேண்டிய சத்து அம்மா வயித்துல இருக்கற கடைசி வாரங்கள்லதான் நிறைய சேருமாம், இவன் அதுக்குள்ள வந்துட்டான், மருந்து மேலயே பழியப் போடாதீங்கன்னாங்க. பால்ல கால்சியமும் பாஸ்பரஸும் கலந்து கொடுத்தாங்க. துணி மாத்தும்போது காலைப் பிடிச்சுத் தூக்கக்கூடாதுன்னு, இடுப்புக்கடியில கை வச்சுத் தூக்கச் சொல்லிக் கொடுத்தாங்க. ஒத்தையா மெஷினையே நகர்த்துற நான் அன்னிக்கு ஒரு துணி மாத்த அரை மணி நேரம் எடுத்துக்கிட்டேன்! மூணு வாரத்துல ரத்த டெஸ்ட்ல எலும்புச் சத்து தேறிடுச்சு. போன வாரம் காஃபினையும் நிறுத்தினாங்க. ஏழு நாளா அவனே மறக்காம மூச்சு விடறான்.

ஆகவே எல்லாம் நானே சமாளித்துக்கொள்வேன். தாங்கள் சிரமப்பட்டு வர வேண்டாம். அத்தைக்கு என் வணக்கம்.

தங்கள் ஆசியை நாடும்
மாப்பிள்ளை

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது டாக்டரம்மா வந்து, அடுத்த திங்கட்கிழமை பையனை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டுப் போறாங்க. வீட்ல கத்துற மெஷின் கிடையாது மாமா. மேலே எழுதின எதையும் மனசுல வச்சுக்காம, ஞாயித்துக்கிழமைக்குள்ள ரெண்டு பேரும் வந்துடுங்க.